சுவரும் பத்திரமும்: வீடு விற்பவர் சொல்ல வேண்டியவை, 1882 முதல் 2025 வரை

தமிழ்நாட்டுக் கிரையப் பத்திரங்களில் ஒரு வாசகம் அநேகமாகத் தவறுவதில்லை. சொத்தின் பேரில் முன்கிரையம், அடமானம், கோர்ட் ஜப்தி, ஜாமீன், உயில், செட்டில்மெண்ட், மைனர் வியாஜ்யம் முதலான வில்லங்கம் எதுவும் இல்லை. பின்னிட்டு ஏதேனும் தெரியவந்தால் விற்பவரே தம் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பார். பத்திர எழுத்தர்கள் இதை மூச்சுவிடாமல் எழுதிவிடுவார்கள். மொட்டைமாடி ஒழுகுவதையோ, அஸ்திவாரம் இறங்கியதையோ, சுவரில் ஓதம் ஏறுவதையோ பற்றி அந்தப் பட்டியலில் ஒரு சொல் இராது. காகிதத்துக்கு உத்தரவாதம் உண்டு, கட்டடத்துக்குக் கிடையாது. சட்டமே இப்படித்தான் பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சட்டம் முதலில் பேசியது கட்டடத்தைப் பற்றித்தான்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. பேச வேண்டிய கடமை உள்ள இடத்தில் மட்டும் மௌனமும் மோசடிதான். இதை விளக்க அந்தப் பிரிவு ஒரு குதிரையைக் கொண்டுவருகிறது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஒருவர் வாய் திறக்காமல் ஏலத்தில் விற்கிறார். வாங்கியவர் அந்நியர் என்றால் அது மோசடி அல்ல. வாங்கியது அப்போதுதான் மேஜரான சொந்த மகள் என்றால், அந்த உறவே சொல்லும் கடமையை விதிக்கிறது.

பத்து ஆண்டுகளில் வந்த சொத்து மாற்றுச் சட்டம், வீடு வாங்கும் அந்நியரையும் ஏறத்தாழ அந்த மகளின் இடத்தில் வைத்தது. 1882 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம் தொடக்கத்தில் பம்பாய், பஞ்சாப், பர்மாவுக்குப் பொருந்தவில்லை. சென்னை மாகாணத்துக்குப் பொருந்தியது. வரைவை 1879இல் பரிசீலித்த ஆணையத்தில் விட்லி ஸ்டோக்ஸ், ரேமண்ட் வெஸ்ட் ஆகியோருடன், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான சார்லஸ் டர்னரும் இருந்தார். அதன் 55(1)(அ) பிரிவின்படி, சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்து, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவின் முடிவில் தனியே எழுதப்பட்டுள்ளது.

இங்கிலாந்தில் அன்று இந்த அளவுக்குக் கடமை இல்லை. 1851இல் கீட்ஸ் எதிர் கடோகன் பிரபு வழக்கில், இடிந்து விழும் நிலையிலிருந்த வீட்டை, வாடகைக்கு வருபவர் உடனே குடியேறப் போகிறார் என்று தெரிந்தே விட்ட உரிமையாளர்மீது பொறுப்பு எதுவும் இல்லை என்றே தீர்ப்பானது. ஆங்கிலச் சட்டத்தில் பயின்றவர்கள் எழுதிய இந்தியச் சட்டம் இந்த ஓர் இடத்தில் தாய்ச் சட்டத்தைத் தாண்டிச் சென்றது. ‘முக்கியமான குறை’ எது என்பதற்கான அளவுகோல் மட்டும் லண்டனிலிருந்தே வந்தது. தெரிந்திருந்தால் வாங்குபவர் அந்த ஒப்பந்தத்துக்கே வந்திருக்கமாட்டார் என்று நியாயமாகக் கருதத்தக்க குறை. 1834இல் ஃப்ளைட் எதிர் பூத் வழக்கு வகுத்த அளவு அது.

திருப்பம் 1929இல் நேர்ந்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம் இப்பிரிவில் ‘விற்பவரின் உரிமையில் உள்ள குறை’ என்பதையும் சேர்த்தது. கடமை விரிந்தது போலத்தான் தெரியும். ஆனால் அதே திருத்தம் 3ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தையும் நுழைத்தது: பதிவு கட்டாயமான ஆவணம் பதிவாகிவிட்டால், பிற்பாடு அச்சொத்தைப் பெறுபவருக்கு அது தெரிந்ததாகவே கொள்ளப்படும். பதிவு மட்டுமே எல்லாருக்கும் அறிவிப்பாகிவிடாது என்று 1920இல் திலக்தாரி லால் எதிர் கேதன் லால் வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லியிருந்ததை இந்த விளக்கம் புரட்டிப்போட்டது. விளைவாக, உரிமைக் குறையைச் சொல்லும் பொறுப்பை விற்பவர்மீது ஏற்றிய கையே, பதிவேட்டில் தேடும் பொறுப்பை வாங்குபவர் தலையிலும் கட்டியது. பதிவான அடமானத்தை விற்பவர் மறைத்தால், ‘சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே’ என்ற பதில் அவருக்குத் தயாராக இருக்கிறது. தமக்கு விற்கும் உரிமை உண்டு என்று விற்பவர் உறுதியளித்ததாகவே கொள்ளும் 55(2) பிரிவு இதற்கு ஓரளவு ஈடுசெய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

வில்லங்கச் சான்று வாங்கி, மூலப்பத்திரங்களை அடுக்கி, வக்கீலிடம் கருத்துரை பெறும் நம் வழக்கம் இந்தச் சூழலில்தான் வேரூன்றியது. வங்கிக் கடன் பரவியபோது அது சடங்காகவே ஆனது. கட்டடத்தின் குறை மட்டும் பேச்சிலிருந்து நழுவியது. காரணம் சட்ட வாசகத்திலேயே இருக்கிறது: விற்பவருக்குத் தெரியும் என்பதை வாங்கியவர் நிரூபிக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பதற்கு நகல் கிடைக்கும். வெள்ளையடித்து மறைத்த விரிசலுக்கு எந்த அலுவலகத்தில் நகல் வாங்குவது? ‘வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து’ என்றே 55ஆம் பிரிவு தொடங்குவதால், நேரில் பார்த்துத் திருப்தியடைந்து வாங்குவதாக ஒரு வரியைச் சேர்த்து விற்பவர்கள் வேலி கட்டிக்கொள்வதும் உண்டு. தெரிந்தே மறைத்த மோசடியை அந்த வரி காப்பாற்றாது. ஆனால் அதற்கும் நிரூபணம் வேண்டும்.

கலிஃபோர்னியா இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. மண் நிரப்பிச் சரியாக இறுக்காத மனையில் கட்டிய வீடு மண்சரிவுக்கு உள்ளான ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் வழக்கில், அபாயக் குறிகளைக் கண்ட தரகருக்கும் ஆராய்ந்து சொல்லும் கடமை உண்டு என்று 1984இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே அம்மாநிலம் சட்டம் இயற்றி, 1987 முதல் விற்பவர் நிரப்பித் தர வேண்டிய படிவத்தைக் கட்டாயமாக்கியது. வெள்ளம் வந்ததா, தரை இறங்கியதா, அக்கம்பக்கத்தில் இரைச்சல் உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள். கொள்கையளவில் 1882இலேயே நம்மிடம் இருந்த கடமைக்கு அவர்கள் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு, அதுவே பெரிய வேறுபாடு.

இந்தியாவில் படிவம் வந்தது 2016 மனை வணிகச் சட்டத்தோடுதான். கட்டுநர் அனுமதிகளையும் பணியின் நிலையையும் இணையத்தில் வெளியிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை, முறையிட்ட 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். உரிமைக் குறையால் நேரும் இழப்புக்கான ஈட்டைக் காலவரம்பு தடுக்காது. எல்லாம் நல்லதே. ஆனால் இவை கட்டி விற்பவருக்கே. பத்து வருடம் குடியிருந்த வீட்டை விற்கும் தனிமனிதர் இன்றும் 1882இன் கீழ்தான் இருக்கிறார். தமிழ்நாடு பதிவு விதி 55அ, பதிவின்போது மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்லியது. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த முயற்சியும் காகிதத்தைப் பற்றியதே என்பது கவனிக்கத்தக்கது.

2015 டிசம்பரில் இடுப்பளவு நீர் நின்ற சென்னை வீடொன்றை எடுத்துக்கொள்வோம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தபின் நீர்த்தடம் தெரியாது. வில்லங்கச் சான்றிலும் வராது. இதை முக்கியமான குறையாகக் கொள்ள ஃப்ளைட் வழக்கின் அளவே போதும் என்பது என் கருத்து. அதைவிடக் கைக்கெட்டும் வழி, அதிகம் புழங்காத 55(1)(இ). சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கெல்லாம், தமக்குத் தெரிந்த அளவில் விற்பவர் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அது. எந்த மழையில் எவ்வளவு நீர் ஏறியது, கான்கிரீட் தளம் எப்போது பழுதுபார்க்கப்பட்டது, மாநகராட்சி நோட்டீஸ் ஏதும் வந்ததா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கலாம். மௌனம் காத்தவர், சாதாரண முயற்சியில் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஒதுங்க இடமுண்டு. அறிந்தே பொய்யான பதில் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த விதிவிலக்கு கிடையாது.