மல்லும் பளுவும்

பளுதூக்குதல், வலுதூக்குதல், கல் தூக்குதல் முதலிய வலிமை விளையாட்டுகளில் தேர்ந்தவர்கள் கைகலப்புப் போட்டிகளில், குறிப்பாக எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையில், வெல்ல முடியுமா என்பது பற்றியது இக்கட்டுரை. அச்சன்புதூர், தென்காசி, குற்றாலம் உள்ளிட்ட தென்பாண்டிச் சீமையில் இளவட்டக்கல்லும் சிலம்பமும் அடுத்தடுத்து வளர்ந்தன. கல்லைத் தூக்கியவன் கோதாவிலும் நிற்பானா என்பது அங்கே பழைய கேள்வி. வலிமை வீரர் வெல்லலாம், ஆனால் வலிமையை மட்டும் நம்பி வந்தால் வெற்றி முதல் சில நிமிடங்களுக்குள் கிடைத்தாக வேண்டும் என்பதே கிடைத்துள்ள சான்றுகள் காட்டும் முடிவு.

பழந்தமிழ்ச் சான்றுகள்

தமிழில் மற்போரைப் பற்றிய விரிவான பழைய பதிவு புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்கள். பாடியவர் சாத்தந்தையார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றதே பொருள். 80ஆம் பாடலில் சோழன் ஒரு காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றுகிறான். மற்றொரு காலால் அவன் செய்யும் உபாயங்களை விலக்கி முதுகுப்புறம் வளைக்கிறான். பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போலத் தலையும் காலும் ஒருங்கே முறியும்படி மோதுகிறான். முழங்காலை மார்பில் ஊன்றி, எதிரியை மேலிருந்து அழுத்தி, அவன் புரள முடியாதபடி மறுகாலால் தடுக்கும் அந்த நிலையை இன்றைய எம்.எம்.ஏ. பயிற்சிக்கூடத்தில் எவரும் உடனே அடையாளம் காண்பர். இவ்வளவு நுணுக்கமாகப் பிடியைச் சொல்லும் பாடல் சங்க இலக்கியத்தில் அரிது.

82ஆம் பாடலுக்கு வந்தால் புலவர் பலத்தை விட்டு வேகத்துக்குத் தாவுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பின்னுபவன் கையில் ஊசி எவ்வளவு விரைந்து போகுமோ, அவ்வளவு விரைவாம் அந்தப் போர். பலசாலியாகப் பெயரெடுத்த மல்லனை வீழ்த்திய போரின் விரைவைச் சாத்தந்தையார் பாடியது தமிழர் போர்க்கலை வரலாற்றில் உரிய இடம் பெறாமல் போனது பெருங்குறை.

இதே கிள்ளியைக் காதலித்துப் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் (புறம் 83, 84, 85). தந்தையோடு பகைத்து வேற்றூரில் இருந்த அவன் கூழுண்டு வாழ்ந்தும் பெருந்தோள் உடையவன் என்கிறார். தோள் பெருமை போர்வீரனுக்கு அழகு என்ற எண்ணமும் அக்காலத்தில் இருந்தது என்பதற்கு இது சான்று.

அகநானூறு 386ஆம் பாடலில் பரணர் இன்னொரு மற்போரைக் குறிக்கிறார். பாணன் என்னும் மல்லனோடு மோதிய ஆரியப் பொருநனின் முழவு போன்ற பருத்த தோள்கள் சிதைந்து கிடந்தன. அதைப் பார்த்துப் போரில் வல்லவனான கணையன் நாணினான். பாணனும் மார்பு வலியன்தான். ஆனால் தோற்றவனின் தோளைத்தான் புலவர் தேர்ந்து வருணிக்கிறார். மூட்டைத் திருகி முறிக்கும் பூட்டுப்பிடி அன்றே இருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் (கி.பி. 630–668) மாமல்லன் என்ற விருதுப் பெயர் கொண்டதும், கடற்கரைப் பட்டினம் அப்பெயரால் மாமல்லபுரம் ஆனதும் மல்லுக்கு அரசவையில் இருந்த மதிப்பைக் காட்டும்.

இளவட்டக்கல்

இளவட்டக்கல் தென் மாவட்டங்களுக்கே உரிய வலிமைச் சோதனை. கல்யாணக்கல் என்றும் வழங்கும். கல் உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். விரல் மாட்டப் பிடி எதுவும் இராது. தூக்குபவர் குந்தி உட்கார்ந்து இரு கைகளாலும் கல்லை அணைத்து, முதலில் முழங்காலுக்கு ஏற்றுவார். அங்கிருந்து வயிற்றோடு உருட்டி நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, பிறகு முதுகுப்புறமாக விட்டெறிய வேண்டும். பலர் தோற்பது நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏற்றும் இடத்தில். முதுகு பின்னால் வளைய, தம் கட்டி நிற்க, கல் வழுக்கும். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் 129 கிலோ வரையுள்ள கற்கள் வைக்கப்படுகின்றன.

மற்போருக்கு இதைவிட நெருங்கிய பளுப்பயிற்சி வேறில்லை. எதிரியின் இடுப்பைக் கட்டித் தூக்கிக் கீழே சாய்க்கும் வீரன் பயன்படுத்துவதும் இதே முன்கை, இதே இடுப்பு, இதே முதுகு. இரும்புத் தண்டில் தூக்குபவருக்குக் கிடைக்காத அணைப்பு வலு இதில் கிடைக்கும். ஆனால் கல் திமிறாது, காலை இடறாது, கழுத்தைச் சுற்றிப் பிடிக்காது.

சாண்டோ மரபு

ஜெர்மனியில் பிறந்த தேகப்பயிற்சி வல்லுநர் யூஜின் சாண்டோ 1905ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபின் அவர் பெயரே தேகப்பயிற்சிக்காரரின் பட்டமாயிற்று. கோவையைச் சேர்ந்த சாண்டோ சின்னப்பா தேவர் (1915–1978) 'ராஜகுமாரி' (1947) படத்தில் எம்.ஜி.ஆருடன் மோதிய காட்சி பயில்வானின் உருவத்தைத் தமிழ் மக்கள் மனத்தில் பதித்தது. தாரா சிங்கும் கிங்காங்கும் மோதிய மல்யுத்தக் காட்சிகள் அதற்கு மெருகேற்றின. இவை காட்சிப் போர்கள், ஆராய்ச்சிக்கு உதவா.

காமா பயில்வானின் நிலை வேறு. பரோடா அருங்காட்சியகத்தில் உள்ள சுமார் 1200 கிலோ கல்லை அவர் 1902இல் தூக்கியதாக அதன் மீதுள்ள பொறிப்பு சொல்கிறது. அவர் உலகப் புகழ் பெற்றது கல்லால் அன்று. 1910இல் லண்டனில் போலந்தின் ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பொருதியபோது அவருக்குக் கைகொடுத்தது ஆயிரக்கணக்கான தண்டால், பஸ்கிகளால் வளர்ந்த மூச்சு.

கலப்புப் போட்டிகளில்

எம்.எம்.ஏ. சுற்று ஒன்றுக்கு 5 நிமிடம். வழக்கமான போட்டிக்கு 3 சுற்று, பட்டப் போட்டிக்கு 5. கல்லையோ தண்டையோ தூக்குவது சில விநாடி வேலை. தசையில் சேர்ந்திருக்கும் உடனடி ஆற்றல் ஏறத்தாழ 10 விநாடிகளில் வடிந்துவிடும். அதன்பின் பெருந்தசைக்குப் பிராணவாயு கூடுதலாக வேண்டும். கை கனக்கும், மூச்சு வாங்கும், காவல் இறங்கும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு போலந்தின் மரியூஷ் புட்ஜியனோவ்ஸ்கி. உலகின் மிக வலிமையான மனிதர் பட்டத்தை 2002, 2003, 2005, 2007, 2008 என ஐந்து முறை வென்றவர். 2009 டிசம்பரில் தம் முதல் போட்டியை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். 2010 மே மாதம், அமெரிக்க எம்.எம்.ஏ. அமைப்பான யு.எஃப்.சி.யின் முன்னாள் சாம்பியன் டிம் சில்வியாவிடம் இரண்டாம் சுற்றிலேயே மூச்சிழந்து தோற்றார். பின்னர் எடையைக் குறைத்துப் பல ஆண்டுகள் பிடியும் அடியும் கற்றார். ஒலிம்பிக் ஜூடோ தங்கம் வென்றிருந்த பாவெல் நஸ்துலாவை 2014இலும், தேர்ந்த வீரர் மிஹால் மத்தெர்லாவை 2022 மே மாதத்திலும் வீழ்த்தினார். அதே ஆண்டு டிசம்பரில் தம்மினும் எடை குறைந்த மமெத் ஹாலிதோவிடம் தோற்றார். பட்டப் படிக்கட்டின் உச்சிக்கு அவர் போகவில்லை. ஆனால் வலிமை வீரர்களில் அவரளவு தூரம் போனவரும் இல்லை.

அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்த பேருருவர் பாப் சாப் 2002 ஆகஸ்ட் 28 அன்று டோக்கியோவில் பிரேசிலின் நோகேராவைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தினார். சாப்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருந்த நோகேரா அடி வாங்கிக்கொண்டே காத்திருந்து, இரண்டாம் சுற்றில் கைப்பூட்டுப் போட்டு வென்றார். இந்திய ரசிகர்கள் சாப்பை நேரில் கண்டது 2012 மார்ச் 11 அன்று, மும்பையில் சூப்பர் ஃபைட் லீக் என்னும் எம்.எம்.ஏ. தொடர் தொடங்கிய இரவில். ஜேம்ஸ் தாம்சனிடம் காலில் அடிபட்டு அவர் விலகினார். நான்காவது தொழில்முறைப் போட்டியிலேயே 2008இல் யு.எஃப்.சி. பட்டம் வென்ற பிராக் லெஸ்னரைச் சிலர் வலிமையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவர். அவர் 2000ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியன் என்பதை மறந்து சொல்வது அது. 2021இல் ஒன் சாம்பியன்ஷிப் என்னும் எம்.எம்.ஏ. அமைப்பின் அதிகனப் பட்டம் வென்ற பஞ்சாபி வம்சாவளியினரான கனடியர் அர்ஜன் புல்லரும் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியின் மல்யுத்தத் தங்கப் பதக்கக்காரர்தான்.

இன்றைய நிலை

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில், இளவட்டக்கல்லோடு அடுத்தடுத்து வளர்ந்த சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. சென்னையிலும் பிற நகரங்களிலும் எம்.எம்.ஏ. பயிற்சிக்கூடங்கள் இயங்குகின்றன.