தஞ்சை வழிநடையும் குடிநீரும்

நடைப்பயணம் போகிறவர் எவ்வளவு தண்ணீர் சுமந்து செல்ல வேண்டும் என்பது மலையேறுவோரின் இன்றைய கணக்கு மட்டுமன்று. கும்பகோணத்துக்கு மேற்கே உள்ள சுவாமிமலைக்குக் காவடியோடு நடந்து வந்த அடியாரும் அதே கணக்கைப் போட்டுத்தான் கிளம்பியிருப்பார். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிநீர் தேவைப்படும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நாளுக்கு 16 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு காதம் நடந்தால், வழியில் குடிப்பதற்கு மட்டுமே மூன்று நான்கு கிலோ ஆகிவிடும். தோளில் மூட்டையும் இருக்கும்போது இது சிறிய சுமை அல்ல. ஆகவே எவ்வளவு சுமப்பது என்ற கேள்விக்கு விடை, அடுத்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதைப் பொறுத்தது.

காவிரிப் படுகையில் தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றலாம். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் ஆறு பெரும்பாலும் வெறும் மணல். 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின்னும் பாசனத்துக்கு நீர் விடும் வழக்கமான நாள் ஜூன் 12 தான். முருகனுக்கு உகந்த வைகாசி விசாகமோ பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். அந்த நாட்களில் வழிப்போக்கர் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினர். கோயிற் குளத்தையும் சாலையோரக் கிணற்றையும் நம்பினர். கையில் சுரைக்குடுக்கையோ பித்தளைச் செம்போ இருந்தால் போதும், அடுத்த நிறுத்தம் வரை தாங்கும்.

இந்த நிறுத்தங்கள் தாமாக ஏற்பட்டவை அல்ல. தண்ணீர்ப் பந்தலில் நீர் வார்ப்பவருக்கு நிலம் விடப்பட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. தலைச்சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. தஞ்சை மராட்டியர் காலத்தில் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் பெருகின. ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் எல்லாச் சாதியாருக்கும் சோறு வழங்கப்படுவதையும், நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர்களை அழைப்பதையும் விவரித்துள்ளார்.

இதை மட்டும் படித்துவிட்டு எல்லாருக்கும் ஒரே குவளை இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஊர்க் கிணறும் கோயிற் குளமும் மறுக்கப்பட்ட மக்களுக்கு அதே சாலை வேறொரு சாலை. பிறர் உயரத்திலிருந்து ஊற்றும் நீரைக் கையேந்திக் குடிக்க வேண்டும், அல்லது கூடுதலாகச் சுமக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வலிமை 1930-இல் சோதிக்கப்பட்டது. ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தனர். தொலைவு சுமார் 150 மைல், காலம் கடுங்கோடை, மேட்டூர் அணையோ இன்னும் கட்டி முடியவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்றாலும் நூறு பேருக்கு அரை டன். அதைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. வழியில் உள்ள ஊர்கள்தாம் கொடுத்தாக வேண்டும். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் கைவைத்ததும் அங்கேதான். தொண்டர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போருக்குச் சிறைத் தண்டனை என்று அறிவித்தார். சத்திரக் கதவுகள் மூடப்பட்டன.

ஊர்க்காரர்கள் வேறு வழி கண்டனர். வழியோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே அவர்களைத் தங்கவைத்து உபசரித்து, அதற்காக ஆறு மாதம் சிறை சென்றார். ஏப்ரல் 28 அன்று தொண்டர்கள் வேதாரண்யம் சேர்ந்தனர். இரண்டு நாள் கழித்து உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார்.