கிட்டாரின் உயிர்

காலஞ்சென்ற தம்பியின் கிட்டாரில், மதுரை வெயிலில் மேல்பலகை உப்பிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு நானே பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். உள்ளே தடித்த கட்டையை வச்சிரத்தால் ஒட்டினேன். உப்பல் அடங்கியது; நாதமும் அடங்கியது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வயலினுக்குள் நிற்கும் சிறு குச்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆன்மா’ என்பார்கள். கிட்டாருக்குள் அந்தக் குச்சி கிடையாது. அதன் உயிர் பெரும்பாலும் மேல்பலகையில்தான். இதைக் காட்டவே ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ டி டோரஸ், தச்சுவேலை கற்றவர், 1862இல் பின்புறமும் பக்கங்களும் அட்டையாலான கிட்டார் ஒன்றைச் செய்தார். மேல்பலகை மட்டும் மெல்லிய மரம். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

வச்சிரம் சூட்டுக்கு இளகும். கட்டையைப் பெயர்த்து, மெல்லிய குச்சிகள் வைத்தேன். உப்பல் கொஞ்சம் இருக்கிறது. தம்பி வாசித்த நாதமும் இருக்கிறது. எனக்கு அது போதும்.