வந்தும் வராத ரூட்

வங்கிக் கிளைகளை இணைக்கும் வேலைக்கு நான் வந்தபோது ஃபிரேம் ரிலேவின் காலம் முடியவில்லை. அதில் இரண்டிரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு சர்க்யூட் என்று, நூறு கிளைகள் ஒன்றோடொன்று நேராகப் பேச 4,950 சர்க்யூட் வேண்டும். அவ்வளவு காசு எந்த வங்கி கொடுக்கும்? எல்லாக் கிளையும் தலைமை அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போயின.

அந்தச் சுற்றலை ஒழித்தது, சர்வீஸ் புரொவைடரின் நெட்வொர்க் வழியே கிளைகள் நேராகப் பேச வழி சொன்ன ஆவணம்: 1999 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 2547. எழுதியவர்கள் சிஸ்கோவின் எரிக் ரோசன், யாக்கோவ் ரெக்டர். 1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரில் கிர்க் லாஹீடுடன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நெட்வொர்க்குகள் ரூட் பரிமாறிக்கொள்ளும் பி.ஜி.பி.க்கு நாப்கினில் பிள்ளையார் சுழி போட்டாரே, அதே ரெக்டர்தான்.

ஒரே சர்வீஸ் புரொவைடரிடம் இரண்டு வங்கிகள், இரண்டுமே 10.0.0.0 முகவரிகளைப் பயன்படுத்துகின்றன. எது யாருடையது? நான்கு பைட் முகவரியின் முன்னால் எட்டு பைட் ரூட் டிஸ்டிங்விஷரை ஒட்டினார்கள், குழப்பம் தீர்ந்தது. அந்த ரூட்டை யார் எடுத்துக்கொள்வது என்பதற்கு ரூட் டார்கெட் என்று தனியே ஒன்று வைத்தார்கள். இரண்டையும் பிரித்து வைத்ததுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு கான்ஃபிகரேஷன் போடுகிறவர்களால்தான் எங்கள் நைட் ஷிஃப்ட் ஓடுகிறது.

பொருந்தாத ரூட் டார்கெட்டோடு வரும் ரூட்டை, கிளைகள் வந்து சேரும் எங்கள் எட்ஜ் ரவுட்டர் சத்தமில்லாமல் எறிந்துவிடும். அது பிழையல்ல. எல்லா வாடிக்கையாளர் ரூட்டையும் ஒவ்வொரு ரவுட்டரும் சுமந்தால் இந்த ஏற்பாடே தாங்காது என்று தெரிந்து வைத்த விதி. ஆனால் ஒரு இலக்கம் மாறிப்போனாலும் அலாரம் அடிக்காது; பி.ஜி.பி. ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பொல்லாத கேஸ் ஒன்று உண்டு. ஒரு வாடிக்கையாளர் எல்லாக் கிளைக்கும் 65001 என்று ஒரே ஏ.எஸ். எண்ணை, அதாவது பி.ஜி.பி. ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காணும் எண்ணை, கொடுத்திருந்தார். கான்ஃபரன்ஸ் காலில் எங்கள் பையன், “ரூட் அனுப்பிட்டோம் சார், அட்வர்டைஸ்டு ரூட்ஸ்ல தெரியுது” என்கிறான். கிளையில் இருந்தவர், “எங்களுக்கு வரலையே தம்பி” என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ரூட் கடந்து வந்த பாதையில் தன் எண்ணையே பார்த்தால் லூப் என்று தள்ளிவிடுவது பி.ஜி.பி.யின் பிறவிக் குணம். கிளை ரவுட்டரில் டீபக் போட்ட பிறகுதான் அது நிராகரித்த வரி கண்ணில் பட்டது. எங்கள் எட்ஜ் ரவுட்டரில் ஏ.எஸ். ஓவர்ரைடு கொடுத்தோம், பாதையில் இருந்த அவர்கள் எண்ணுக்குப் பதில் எங்கள் எண் போனது, கிளை ரூட்டை ஏற்றுக்கொண்டது. அதுவரை நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுத முடியாது.

2006 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 4364 பழைய ஆவணத்தின் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 4684 எங்களைப் போன்றவர்களுக்குப் புது வேலை வைத்தது. தனக்கு எந்த ரூட் டார்கெட் வேண்டும் என்பதை எட்ஜ் ரவுட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். மற்றதை, எட்ஜ் ரவுட்டர்களுக்கு ரூட்டைப் பகிர்ந்தளிக்கும் ரூட் ரிஃப்ளெக்டர் அனுப்பவே அனுப்பாது. மெமரி மிச்சம், சரிதான். ஆனால் முன்பெல்லாம் ரூட் வாசல்வரை வந்து திரும்பிப் போகும். அந்த வாசலில் டீபக் போட்டுப் பிடித்துவிடலாம். இப்போது அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் வருவதில்லை. அதனால் இந்த வசதி இருக்கும் நெட்வொர்க்கில் நான் முதலில் ரிஃப்ளெக்டருக்குள் போய், தொலைவில் இருக்கும் எட்ஜ் ரவுட்டர் எதையெல்லாம் கேட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவேன்.