குடியுரிமைப் பள்ளிகள்

அமெரிக்காவில், தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 சனவரியில் தொடங்கித் தென் மாநிலங்களில் பரவிய முதியோர் வகுப்புகள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாக்காளர் பட்டியலில் இடமில்லை என்ற விதி கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்தது. தீவுவாசிகளைச் சார்ல்ஸ்டனுக்குப் பேருந்தில் ஏற்றிச்சென்ற ஈசா ஜென்கின்ஸ், கறுப்பின மக்களின் உரிமைச் சங்க உறுப்பினர் என்பதற்காக 1956-இல் வேலை பறிக்கப்பட்ட ஆசிரியை செப்டிமா கிளார்க் ஆகியோரின் முயற்சி இது. கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில், வெள்ளையர் கண்ணில் படாமல் வகுப்பு நடந்தது. தபாலில் பொருள் வரவழைக்கும் படிவமும் பாடம்தான், மாநிலத் தேர்தல் சட்டமும் பாடம்தான். கற்பித்தவர் அழகுநிலையம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன். ஆசிரியப் பயிற்சி இல்லாத அவரைத் தேர்ந்ததே மிகச் சரியான முடிவு. பெரியவர்களைச் சிறுபிள்ளைகளாக நடத்தும் பழக்கம் அவரிடம் இல்லை.

அநீதியான எழுத்தறிவுத் தேர்வை எதிர்க்காமல் அதற்கே மக்களைத் தயார்செய்வது பணிந்துபோவதாகாதா என்று கேட்கலாம். படித்துவிட்டுப் போனவரையும் அலுவலர்கள் திருப்பியனுப்பியது உண்டு. ஆனால் வகுப்பு கையெழுத்தோடு நின்றுவிடவில்லை. ஊர்தோறும் புதிய ஆசிரியர்களையும் தலைவர்களையும் உருவாக்கியது. மிசிசிப்பியின் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் இதில் பயிற்சி பெற்றவர். 1961-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு திட்டத்தை ஏற்றது. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. 1970-களில் கிளார்க் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.