திரி வளைந்த கதை

கடைக்கு வருகிறவர்கள் மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்ததும் முகர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் நிறம், அப்புறம் விலை. திரியை யாரும் பார்ப்பதில்லை. நாகர்கோவிலில் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மெழுகுவர்த்தி ஊற்றிக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு வெள்ளை மெழுகுவர்த்தி போகிற போக்குக்கு வேறு எந்த நாளும் ஈடில்லை. மற்ற மாதங்களில் கைகொடுப்பது வேடிக்கை மெழுகுவர்த்திதான்: ஊதினாலும் அணையாதது, பச்சைச் சுடர் விடுவது, அடுப்பு விறகின் சடசடப்போடு எரிகிற மரத்திரி, ஒரே கிண்ணத்தில் நாலு திரி. எதை விற்றாலும் வித்தை பெரும்பாலும் திரியில்தான் இருக்கிறது. தொழிலின் பழைய சங்கதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. இன்று வேடிக்கை என்று சொல்லி நாங்கள் காசு வாங்குகிற சங்கதிகள் பலவும், முன்னே இருந்த மெழுகுவர்த்திக்காரர்கள் குறை என்று தலையில் அடித்துக்கொண்டவை.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு தொடங்கும்வரை சாதாரண வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும். தேன்மெழுகு தேவாலயத்துக்கும் பணக்காரருக்கும். கொழுப்பு வர்த்தியின் திரி வெறும் முறுக்கு நூல். சுடர் கொழுப்பைத் தின்றபடி கீழே இறங்கும். திரி மட்டும் நிமிர்ந்தபடி நிற்கும். சுடரின் நடுவயிற்றில் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் நூல் எரிந்து சாம்பலாகாது, கருகும். கருக்கு நீள நீள வெளிச்சம் மங்கும், புகை கிளம்பும், கொழுப்பு ஒரு பக்கமாக உருகி வழியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாராவது எழுந்து போய்க் கருக்கை வெட்டியாக வேண்டும். அதற்கென்றே ஒரு கத்தரி உண்டு. அதன் ஓர் அலகில் சின்னப் பெட்டி ஒன்று பொருத்தியிருக்கும். வெட்டிய கங்கு மேசைவிரிப்பில் விழாமல் அதற்குள் விழும். நாம் குத்துவிளக்கில் தூண்டுகோலால் திரியை முன்னே தள்ளிவிடுகிறோம், அவர்கள் வெட்டினார்கள், தொல்லை ஒன்றுதான். நாடகக் கொட்டகைகளில் இதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். அவர் மேடையேறி விளக்கு விளக்காகத் திரி வெட்டிவிட்டு இறங்குவார்.

அணையப்போகும் திரியை உற்றுப் பார்த்தே ஆதாயம் பார்த்தவரும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏலத்துக்கு ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவைப்பார்கள். அது அணையும் நொடிக்கு முன் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் 1662ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இப்படி ஒரு கப்பல் ஏலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மனிதர் மட்டும் தவறாமல் கடைசிக் கேள்வியைக் கேட்டு ஜெயித்தாராம். சூட்சுமம் என்ன என்று பீப்ஸ் விசாரித்தார். சுடர் போகிற நேரத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்பேன் என்றாராம் அவர். எங்கள் தொழிலில் பிறந்திருக்க வேண்டிய ஆள்.

இங்கிலாந்து ஏழைகளுக்கு அந்தக் கொழுப்பு வர்த்தியும் எட்டாது. அவர்கள் ஈரநிலத்தில் வளரும் ஜன்கஸ் என்ற நாணலை அறுத்துவந்து தோலை உரிப்பார்கள். உள்ளே இருக்கும் வெண்சோறு ஒடிந்துவிடாமல் இருக்க ஒரே ஒரு கீற்றுத் தோலை மட்டும் விட்டுவைத்து, சமையலில் மிஞ்சிய கொழுப்பில் முக்கிக் காயவைப்பார்கள். செல்போர்ன் ஊர்ப் பாதிரியார் கில்பர்ட் வைட் 1775இல் எழுதிய கடிதத்தில் இதன் கணக்கு இருக்கிறது: இரண்டடி நாலரை அங்குல நாணல் 57 நிமிடம் எரிந்தது. இந்த நாணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஜப்பானில் மறுபடி வரும்.

கருக்கின் முடிச்சு அவிழ்ந்தது பிரான்சில். கொழுப்பை வேதியியல் முறையில் பிரித்துக் காட்டியவர் மிஷேல் ஷெவ்ரூல். (102 வயது வரை வாழ்ந்தார், கொழுப்பைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கு அது நியாயம்தான்.) அவரும் வேதியியலாளர் கே-லூசாக்கும் 1825இல், கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரிக் அமிலத்தில் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார்கள். கெட்டியானது, நாற்றமில்லாதது, கையில் பிசுபிசுக்காதது. ஆனால் பழைய முறுக்குத் திரியைப் போட்டால் பழைய கருக்குத்தான். அதே 1825ஐ ஒட்டிக் கம்பாசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் திரியை முறுக்குவதை விட்டுவிட்டுச் சடைபோலப் பின்னினார்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஏற்றிக் காட்டுவது சுலபம். நல்ல பின்னல் திரி போட்ட மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடர் நிலைத்ததும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். திரி நேராக நிற்காது. மேல்நுனி ஒரு பக்கமாக வளைந்து சுடரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த முனையில் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும். வெளிக்காற்று படுகிற இடம் அது. கருக்கு அங்கே முழுக்க எரிந்து சாம்பலாகிப் போகிறது. திரி தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. தட்டைப் பின்னலில் இழைகளின் இறுக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்காது, அதனால் எரிய எரிய அது சுருள்கிறது. இயந்திரம் இல்லை, விசை இல்லை. மூன்று இழையை எப்படிப் பின்னுவது என்பதில் இருந்த கெட்டிக்காரத்தனம் மட்டும்தான். ஐரோப்பிய வீடுகளில் இருந்த திரிக்கத்தரிகள் சில பத்தாண்டுகளில் பரணுக்குப் போயின.

மீதிக் குறையைத் தீர்த்தவர் பாரிசில் தொழிற்சாலை வைத்திருந்த அடோல்ஃப் த மில்லி. திரியைப் போரிக் அமிலத்தில் ஊறவைத்தால் மிஞ்சுகிற சாம்பல் உருகிச் சின்ன மணியாகத் திரண்டுவிடும். எங்கள் பட்டறையில் கையால் திரி தயாரிக்கும்போது இன்றைக்கும் வெந்நீரில் உப்பையும் வெண்காரத்தையும் கரைத்து நூலை இரவு முழுக்க ஊறப்போடுகிறோம். காலையில் எடுத்து நிழலில் காயவைத்து, உருகிய மெழுகில் முக்கி, இரு முனையையும் பிடித்து இழுத்து நேராக்கிக் கொடியில் தொங்கவிடுவோம். வெண்காரம் குறைந்தால் ஏற்றிய அரைமணியில் நுனி கறுத்துத் தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதன்பின் எல்லாம் வேகம். 1834இல் ஜோசப் மார்கன் அச்சில் ஊற்றி வார்த்து வெளியே தள்ளும் இயந்திரம் செய்தார். லண்டனில் பிரைஸ் என்ற மெழுகுவர்த்திக் கம்பெனி தேங்காய்க் கொழுப்பை நம்பி இறங்கி, இலங்கையில் 1,000 ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கியது. விக்டோரியா ராணியின் கல்யாணம் 1840 பிப்ரவரியில். அன்று ஜன்னல்தோறும் மெழுகுவர்த்தி வைப்பது வழக்கம் என்பதால், திரி வெட்டத் தேவையில்லாத மலிவு வர்த்தியை அந்தக் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. தேங்காயும் கொழுப்பும் கலந்த சரக்கு. இங்கிலாந்து ராணி கல்யாண வெளிச்சத்தில் நம் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேங்காயும் கொஞ்சம் எரிந்தது. 1850களில் பாரஃபின் வந்து எல்லாவற்றையும் மலிவாக்கியது.

மலிவானதும் அலங்காரம் தொடங்கியது. 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு சொற்பொழிவு நடத்தினார். முதல் சொற்பொழிவிலேயே அப்போது புதிதாக வந்த சாயங்கள் ஏற்றிய வர்த்திகளையும், தூண் மாதிரி வரிப்பள்ளம் வைத்த வர்த்திகளையும் காட்டுகிறார். பார்வைக்கு அழகு, எரிவதற்கு மோசம் என்பது அவர் தீர்ப்பு. எரிகிற வர்த்தியின் தலையில் ஒரு கிண்ணம் உருவாகி உருகிய மெழுகைத் தாங்க வேண்டும். ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தால் கிண்ணம் உடைந்து மெழுகு வழிந்துவிடும். ரோஜாப்பூ, தாஜ்மகால், யானை என்று அச்சு கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான். கேட்பதில்லை. அழகாக இருக்கிறதே, ஏற்றவா போகிறோம் என்பார்கள்.

ஆறாவது சொற்பொழிவில் ஃபாரடே இன்னொன்றைக் கையில் எடுக்கிறார்: சொற்பொழிவு கேட்க வந்த ஒரு பெண்மணி கொடுத்த ஜப்பானிய மெழுகுவர்த்தி. மேலே அலங்காரம், உள்ளே துளையுள்ள திரி. அவருக்கு அதைப் பார்த்ததும் ஆர்கண்ட் விளக்கு ஞாபகம் வந்தது. 1780களில் எமே ஆர்கண்ட் எண்ணெய் விளக்குக்குக் குழாய்வடிவத் திரி போட்டு, நடுவழியே காற்றை ஏற்றிச் சுடரைப் பலமடங்கு பிரகாசமாக்கியிருந்தார். ஐரோப்பா கொண்டாடிய அந்த யோசனை, அதற்குச் சம்பந்தமே இல்லாமல், ஜப்பானியக் கைவினைஞர் மெழுகுவர்த்திக்குள் இருந்தது.

வாரோசொகு என்பது அதன் பெயர். ஒரு குச்சியில் வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தைக் குழலாகச் சுற்றுவார்கள். அதன்மேல் இகுசாவின் வெண்சோற்றை இழையிழையாக, இடைவெளி விடாமல், கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். பிரியாமல் இருக்கப் பட்டுப் பஞ்சை மெல்லியதாக இழுத்துப் போர்த்துவார்கள். இகுசா என்பது தாதாமிப் பாய் நெய்கிற செடி. தாவரவியலில் அது இங்கிலாந்து ஏழைகள் கொழுப்பில் முக்கிய அதே ஜன்கஸ் வகைதான். (நம் பத்தமடைக் கோரை வேறு குடும்பம்.) மெழுகும் அங்கே தனி: ஹாஸே மரத்தின் காயிலிருந்து எடுப்பது. எஹிமே மாகாணத்து உச்சிகோ ஊர் இந்த மெழுகால் செழித்தது. திரி கோத்த குச்சிகளை ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு உள்ளங்கையில் வெதுவெதுப்பான மெழுகை அள்ளிப் பூசுவார்கள். காயவிட்டு மறுபடி பூசுவார்கள். குறுக்கே வெட்டினால் மரத்தின் ஆண்டு வளையம் போல வரிவரியாகத் தெரியும். கடைசியில் குச்சியை உருவிவிட்டால் நடுவே துளை நின்றுவிடும்.

ஏற்றினால் அடியிலிருந்து அந்தத் துளைவழியே காற்று ஏறுகிறது. தடித்த திரி, நிறைய மெழுகு இழுக்கும். சுடர் உயரமாகவும் பெரிதாகவும் எழுந்து, காற்றே இல்லாத அறையிலும் ஆடும். எண்ணெய்ப்புகை குறைவு என்பதால் கோயில்களும் வீட்டுப் பூஜை மாடங்களும் இதை விரும்பின. ஆனால் இது தூண்டா விளக்கல்ல. திரி வளையாது, கருக்கு நிற்கும், அவ்வப்போது இடுக்கியால் கிள்ள வேண்டும். ஜப்பானியர் அதைக் குறையாக நினைக்கவில்லை. அதற்கென்று அழகான கருவி செய்துகொண்டார்கள். சுடர் ஆடுவதையும் யாரும் திருத்தவில்லை. என்னைக் கேட்டால் உலகத்தில் மனிதன் செய்த திரிகளிலேயே உயர்ந்தது இதுதான். கையால் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். அந்த வெண்சோறு விரலில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இப்போது எங்கள் கடைச் சரக்குக்கு வருவோம். ஊதினாலும் அணையாத பிறந்தநாள் மெழுகுவர்த்தியின் ரகசியம் கருக்கில் மிஞ்சும் கங்கு. எந்த மெழுகுவர்த்தியை ஊதினாலும் நுனியில் கங்கு கொஞ்சநேரம் கனன்று, மெழுகு ஆவி வெள்ளைப் புகையாகக் கிளம்பும். இதன் திரியில் மக்னீசியப் பொடி கலந்திருக்கிறது. சுமார் 430 டிகிரியில் பற்றிக்கொள்ளும் உலோகம். கங்கின் சூடே போதும். சுடர் இருக்கும்வரை உருகிய மெழுகு அதைக் காற்றுப் படாமல் காக்கிறது. சுடர் போனதும் பொடி பொறிவிட்டு ஆவியை மறுபடி பற்றவைக்கிறது. முன்னே இருந்தவர்கள் மெனக்கெட்டு வெட்டி எறிந்த கங்கைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். தீ விபத்துகளுக்குப் பிறகு கனடா 1977இல் இதைத் தடை செய்தது. அணைக்க ஒரே வழி தண்ணீரில் முக்குவது. ஊதிவிட்டுக் குப்பைக்கூடையில் போடாதீர்கள்.

நிறச்சுடரை நாங்கள் செய்வதில்லை, வாங்கி விற்கிறோம். பச்சைக்குச் செம்பு, சிவப்புக்கு லித்தியம் என்று திரியில் உப்பு ஏற்றினால் மட்டும் போதாது. பாரஃபின் சுடரின் மஞ்சள், சூட்டில் ஒளிரும் கரித்துகளின் நிறம். அது மற்ற நிறத்தை விழுங்கிவிடும். அதனால் மெழுகையே தள்ளிவிட்டு, கரி விடாமல் எரியும் டிரைமீதைல் சிட்ரேட் போன்றவற்றை வைக்கிறார்கள். மரத்திரி இந்த நூற்றாண்டில் பரவியது: செர்ரி போன்ற மரத்தின் மெல்லிய பட்டை. அதன் சடசடப்புக்குத்தான் விலை. கொழுப்பு வர்த்தி காலத்தில் திரி சடசடத்தால் வாங்கியவர் கடைக்காரனைத் திட்டியிருப்பார்.

கண்ணாடிக் கிண்ண மெழுகுவர்த்தி வந்தபின் வளைகிற திரியே தொந்தரவாகிப்போனது. முழுதும் உருகிக் குளமாகும் மெழுகில் திரி சாயாமல் நிற்க வேண்டும் என்று நடுவில் ஈயக் கம்பி வைத்தார்கள். எரியும்போது ஈயம் வீட்டுக் காற்றில் கலந்தது. அமெரிக்கா 2003இல் அதைத் தடைசெய்தது. இப்போது துத்தநாகமோ காகிதமோ வைக்கிறார்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வாங்கினால், ஏற்றாத திரியின் நுனியைப் பிரித்து உள்ளே கம்பி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெள்ளைத்தாளில் தேயுங்கள். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறம் விழுந்தால் ஏற்றவே வேண்டாம்.

நிமிர்ந்து நிற்கும் திரிக்குப் பழையபடி கருக்கு வருகிறது. ஆகவே விலை உயர்ந்த வாசனை மெழுகுவர்த்தியோடு இப்போது திரிக்கத்தரியும் விற்கிறார்கள், வெட்டியது உள்ளே விழாதபடி தட்டு வைத்து, தங்கநிற முலாம் பூசி. ஏற்றும் முன் கருக்கைக் கால் அங்குலமாக வெட்டிவிடுங்கள் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அறிவுரை சரியானது, கேளுங்கள். கத்தரி வாங்க வேண்டாம்; மெழுகு ஆறிய பிறகு நகவெட்டி போதும்.