சுவர்ல எழுத கையெழுத்து வேணும் சார்!

சின்ன வயசுல எங்க வீட்டு காம்பவுண்டு சுவர்ல எப்பவும் ஏதாவது ஒரு கட்சி பேரு இருக்கும். தேர்தலுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே ராத்திரியோட ராத்திரியா வெள்ளையடிச்சு, ஓரத்துல 'ரிசர்வ்'னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. "நமக்கு சுண்ணாம்பு செலவு மிச்சம்டா"ன்னு அவரும் சிரிச்சுக்குவார்.

தொண்ணூறுகள்ல ஒரு தேர்தல். ஒரு கரைவேட்டி பெரியவர் வாசல்ல வந்து நின்னு, "சார், சுவர்ல எழுதிக்கலாம்னு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க"ன்னு பவ்யமா கேட்டார். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "யாரோ மேலேர்ந்து நல்லா மிரட்டியிருக்காங்க!"

மிரட்டினவர் யாருன்னு உங்களுக்கே தெரியும். ஆனா சேஷன் அந்த விதியை எழுதலைங்க. அது அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, யாரும் சீண்டலை, அவ்வளவுதான்.

கதை ஆரம்பிக்கிறது கேரளாவுல. 1959-ல ஈ.எம்.எஸ். அரசைக் கலைச்சதுக்கு அப்புறம், 1960 பிப்ரவரியில அங்க சட்டமன்றத் தேர்தல். ஊரே கொதிச்சுக் கிடந்த நேரம். ஊர்வலம், பொதுக்கூட்டம், கோஷம், போஸ்டர் இதுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு வேணும்னு கட்சிகள் சம்மதத்தோட ஒரு பட்டியல் போட்டாங்க. 1962 பொதுத்தேர்தல் சமயத்துல தேர்தல் கமிஷன் அதையே எல்லா மாநிலத்துக்கும் அனுப்பி வச்சுது. நாம இன்னிக்கு 'நடத்தை விதிமுறை'ன்னு சொல்றோமே, அதோட விதை இதுதான்.

1979-ல ஆளுங்கட்சிக்குன்னே ஒரு பகுதி சேர்ந்துச்சு. அரசு காரைப் பிரச்சாரத்துக்கு எடுக்கக்கூடாது, அரசுப் பயணத்தையும் ஓட்டு கேக்கறதையும் கலக்கக்கூடாது, தேர்தல் அறிவிச்சப்புறம் அடிக்கல் நாட்டக்கூடாது, இப்படி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இது சட்டமே கிடையாது! பார்லிமெண்ட்ல நிறைவேத்தினது இல்லை. லஞ்சம் கொடுக்கறது, சாதி மதத்தைச் சொல்லி ஓட்டு கேக்கறது, கடைசி 48 மணி நேரத்துல கூட்டம் போடறது இதுக்கெல்லாம் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இருக்கு. மத்தபடி பாதி விஷயம் 'கட்சிகள் ஒத்துக்கிட்டது' அப்படிங்கிற பலத்துல மட்டும்தான் நிக்குது.

அப்ப சட்டமாக்கிட்டா என்ன? 2013-ல ஒரு நாடாளுமன்றக் குழு அதைத்தான் சொல்லுச்சு. கமிஷன் வேண்டாம்னுடுச்சு. தேர்தல் ஒன்றரை மாசத்துல முடிஞ்சிடும், கோர்ட்டு கேஸ் முடியாது, இதான் அவங்க வாதம். யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். இந்திரா காந்தி ரேபரேலியில ஜெயிச்சது 1971. கூட்டத்துக்கு அரசு அதிகாரிகள் மேடை போட்டுக் கொடுத்ததும் ஒரு குத்தம்னு அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னது 1975 ஜூன். நாலு வருஷம்!

சேஷன் கோர்ட்டுக்காக காத்திருக்கலை. 1993-ல ஹிமாச்சல் கவர்னர் குல்ஷேர் அகமது, மகன் போட்டியிட்ட மத்தியப் பிரதேச சத்னா தொகுதிக்குப் பிரச்சாரத்துக்குப் போனார். சேஷன் அந்தத் தேர்தலையே நிறுத்தி வச்சார். கவர்னர் ராஜினாமா பண்ணிட்டார். கேஸும் இல்லை, வாய்தாவும் இல்லை. தைரியமா ஒரு ஆள் நாற்காலியில உக்காந்தா போதும், வெறும் காகிதத்துக்கும் பல் முளைக்குது.

ஆனா எனக்கு உறுத்தறதும் அதேதான். ஆளை நம்பி நிக்கிற விதி, ஆள் மாறினா என்னாகும்? இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கு. வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு (பெரிய மாநிலங்கள்ல சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம்னு 2022-ல வச்சாங்க). கட்சி செலவுக்கு வரம்பே கிடையாது. கட்சி செய்யற செலவும் வேட்பாளர் கணக்குல வரும்னு 1974-ல உச்சநீதிமன்றம் சொன்னப்ப, உடனே சட்டத்தையே திருத்திட்டாங்க. எல்லாருக்கும் வசதியா இருந்தா ஒத்துமை தானா வந்துடுது பாருங்க :-)

இப்ப எங்க சுவர் பளிச்சுனு இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மைக் நின்னுடுது. ஆனா போன தேர்தல்ல காலையில பால் எடுக்கப் போனா, கதவிடுக்குல ஒரு கவர். அதுக்கு யாரும் கையெழுத்து கேக்கலை.

சத்தத்தை அடக்கிட்டோம். சத்தமில்லாம வர்றதை என்ன பண்றது? உங்க ஊர்ல எப்படின்னு சொல்லுங்க மக்களே.